அரைப் பேர்

ஒப்பந்தம் பதினொரு பக்கம்.
ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மூன்றாம் மாடி.
கரண்ட் போன மத்தியானம்.
ஜன்னல் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு
சட்டத்தரணி நஸ்லியா வாசிக்கிறார்.
கீழே கண்டி பஸ்காரன் கூவுகிறான்.
பனி கண்ணாடிவரை வந்து, ஒன்றும் புரியாமல், திரும்பிப் போகிறது.

நான் கொண்டுபோனது ஒரு தகரத் தட்டு.
கொழுந்து வெட்டுகிற கத்தரியில் பொருத்துவது.
இடது ஓரத்தில் ஒரு வளைவு, அடியில் ஒரு சுருள்கம்பி.
வெட்டிய கொழுந்து தானாகச் சரிந்து பைக்குள் விழும்;
மணிக்கட்டை உதற வேண்டியதில்லை.
அவ்வளவுதான்.
அதற்குக் கொழும்புக் கம்பெனி
பதினொரு பக்கம் எழுதியிருக்கிறது.

“இது உங்களுடையதா?”
“என்னுடையதுதான்.”
“எங்கே செய்தீர்கள்?”
“பெக்டரிப் பட்டறையில்.”
“யாருடைய தகரம்?”
ரோலர் ஓய்ந்த பிறகு, ராத்திரி, என் சொந்த நேரத்தில்
என்று தொடங்கினேன்.
அவர் கேட்டது தகரத்தை.
துரையிடம் ஒரு கடிதம் வேண்டும் என்று
ஓரத்தில் பென்சிலால் குறித்தார்.

நான்காம் பக்கம்:
உரிமை அவர்களுக்கு மட்டும். பதினைந்து வருடம். உலகம் முழுக்க.
உலகம் என்றால் கென்யாவும் சேர்த்தா?
கென்யாவும் சேர்த்து. பொகவந்தலாவையும் சேர்த்து.
நாளைக்கு இன்னொரு தட்டு அடிப்பதென்றால்
என் சுத்தியல் கொழும்பில் உத்தரவு கேட்க வேண்டும்.
அவர்கள் ஒன்றுகூடச் செய்யாமல்
அலுமாரியில் வைத்துப் பூட்டினாலும்
பூட்டியது பூட்டியதுதான்.
“குறைந்தது இத்தனை விற்காவிட்டால் உரிமை திரும்பி வரும்
என்று ஒரு வரி கேட்போம்” என்றார்.

பேனாவை மூடிக்கொண்டே கடைசியாக,
“வேறு யாருக்கும் இதில் பங்கில்லையே?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்த வளைவு.
என் முதல் தட்டில் அது வலப் பக்கம் இருந்தது.
ஏழாம் நம்பர் மலையில் புஸ்பலீலா
அரை நாள் வெட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.
“இத இங்கிட்டு மடக்கு. நெரை புடிச்சுப் போறப்ப
எடது காலுதான் பள்ளத்துல. கொழுந்தும் அங்கிட்டுதான் ஓடும்.”
மடக்கினேன்.
ஓடியது.

அந்தி நிறுவைக்கு ஏறிப் போனேன்.
சாக்கை இறக்காமலே கேட்டாள்.
மூன்று வீதம், நிகர விற்பனையில், என்றேன்.
“நிகரம்னா?”
செலவு, கழிவு, தரகு எல்லாம் போக மிச்சம்.
சிரித்தபடி தராசைக் காட்டினாள்.
“சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு, முத்தலுக்கு ஒண்ணு.
எனக்கும் எல்லாம் போகத்தான் எழுதுறாங்க.
எதெது கழிவுன்னு மொதல்லயே எழுதி வாங்கு.
அவுங்க கணக்குப் பொத்தகத்த நாம தெறந்து பார்க்கலாமான்னு கேளு.”
பிறகு, தாளை என் பக்கம் திருப்பி:
“இதுல என் பேரு எங்க?”

இந்த மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கிலோ குறைந்த நாளில் அரைப் பேர்.
வளைவு உன்னுடையது, கம்பி என்னுடையது,
யோசித்து ஏதாவது போடலாம் என்று
இழுத்துக்கொண்டே போன என் குரலில்
கணக்கப்பிள்ளை பேசுவது எனக்கே கேட்டது.
நிறுத்திக்கொண்டேன்.
அவள் சாக்கைக் கொக்கியில் மாட்டப் போய்விட்டாள்.

இப்போது முதல் பக்கத்தில் இரண்டு பேர்.
இரண்டும் முழுப் பேர்.
கொழுந்துக் கறை பட்ட பெருவிரல் அடையாளம் ஒன்று
அவளுடைய கையெழுத்தின் பக்கத்தில், தவறிப் பட்டது;
நஸ்லியா அதை அழிக்க வேண்டாம் என்றார்.
கொழும்பிலிருந்து ஒரு கேள்வி மட்டும் வந்திருக்கிறது:
இரண்டாவது பெயருக்குரியவர் யார், என்ன தகைமை?
பதிலை அவளே எழுதுகிறாள். மூன்று நாளாக.

இதற்கிடையில் அவளுடைய தட்டில் சுருள்கம்பி தளர்ந்துவிட்டது.
இன்று இரவு மாற்ற வேண்டும்.
இந்த முறை கம்பியைக் கடையில் வாங்கினேன்.
பற்றுச்சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது.